வளையத்தை வெட்டியது யார்?

பெருங்களத்தூரில் ஒரு பழைய இரும்புக்கடை, ஒரு கிரேன், அந்தக் கிரேன் நிற்க இடம் விட்டுக் கட்டிய மாடி வீடு, இன்ஜினியரான ஒரு மகள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான் உண்டாக்கியவை இவை. கடை இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கியது. இரும்பு மிதந்து போகாது என்பதால் நானும் போகவில்லை. ரோட்டை அகலப்படுத்தக் கடையின் முன்பக்கத்தை இடித்தார்கள். மிச்சப் பாதியில் உட்கார்ந்து இரண்டு பங்கு வியாபாரம் செய்து காட்டினேன்.

சிறுசேரிப் பக்கம் கப்பல் படிப்புக்கென்று ஒரு கல்லூரி இருக்கிறது. முற்றத்தில் பார்வைக்கு வைக்க, உடைத்த கப்பல் ஒன்றின் டீசல் இன்ஜின் பாகங்களை என்னிடம் வாங்கினார்கள். திறப்பு விழா பதினொரு மணிக்கு. கப்பலிலேயே முடி நரைத்த தலைமை இன்ஜினியர் ஒருவர் சிறப்பு விருந்தினர். எட்டு மணிக்குக் கடைசிப் பாகத்தைக் கிரேனில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் இடுப்பு உயரப் பிஸ்டனைத் தலைகீழாக நிறுத்தி, ‘சிலிண்டர் மூடி’ என்று பலகை வைத்திருந்தார்கள்.

“சார், இது பிஸ்டன்.”

பக்கத்தில் நின்ற இயந்திரவியல் பேராசிரியர் சிரித்தார். “பெரியவரே, பிஸ்டன் டயக்ராம் நான் தினமும் போர்டுல போடறேன்.”

“போர்டுல உள்ளங்கை அளவு தானே சார் போடுவீங்க? இது மேல நாலு பேர் உக்காந்து டிபன் சாப்புடலாம். பக்கத்துல பள்ளம் பள்ளமா கீது பாருங்க, வளையம் மாட்டற எடம். மூடிக்கு எதுக்கு வளையம்?”

வளையத்தைக் காட்டலாம் என்று திரும்பினேன். லாரி டயர் அகலமுள்ள பிஸ்டன் வளையம். அதில் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு இரும்பை வைத்துப் பற்றவைத்து, வெள்ளிப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள்.

“யாரு இதை ஒட்டினது?”

பட்டறை ஆசிரியர் பெருமையாக முன்னால் வந்தார். “நான்தாண்ணா. ஒடைஞ்சி கெடந்துச்சு, நீங்க பாக்காம குடுத்துட்டீங்க. விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லல.”

“ஒடையலப்பா! அது வாயி! வளையலாட்டம் மூடிட்டா இவ்ளோ பெரிய தலை மேல எப்புடி மாட்டுவ? விரிச்சிதானே எறக்கணும்?”

அவரை நான் அதிகம் திட்டவில்லை. எனக்குக் கிடைத்த முதல் வளையத்தை நானும் இப்படித்தான் பற்றவைத்து விற்றேன். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று கற்றதை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

கல்லூரி முதல்வர் வியர்த்துப்போய், “ஐயா, மானம் போயிடும், ஏதாவது பண்ணுங்க” என்றார். பண்ணினேன். ஒட்டிய துண்டைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். கிரேனைக் கூப்பிட்டுப் பிஸ்டனைப் புரட்டி, தீ தின்ற தலையை மேலே கொண்டுவந்தேன். பக்கத்தில் குடை மாதிரி நின்ற, புகையை வெளியே விடும் வால்வுக்கும் சரியான பலகையை நானே மாற்றி வைத்தேன். பத்தே முக்கால்.

விருந்தினர் வந்தார். நேராக வளையத்திடம் போய் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். “பரவால்லையே, எல்லாம் கரெக்டா வெச்சிருக்கீங்க. யாரோ தொழில் தெரிஞ்சவர் இருக்கார். யார் அது?”

முதல்வர் பேராசிரியரைக் காட்டினார். பேராசிரியர் தலை குனிந்து வணங்கினார். கிரேன் பக்கத்தில் கையில் கிரைண்டரோடு நின்ற எனக்கு ஒரு சமோசா வந்தது.

இப்போது அந்த முற்றத்தில் பளிங்குக் கல் ஒன்று இருக்கிறது: ‘பாகங்களை அடையாளம் கண்டு அமைத்தது: இயந்திரவியல் துறை.’ மூன்று முறை போய்ப் படித்துவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் தப்பில்லாமல் படித்தேன். அந்தக் கல்லில் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்தும் பார்த்தேன். அதில் என் பெயரை வெட்டுங்கள். வெட்ட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், கிரைண்டரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.