நெவியாக்கா கூப்பிட்டால் இரண்டு தட்டு

தோட்டாப் பெட்டியைத் திறக்கும் முன் நெவியாக்கா இரண்டு கைகளையும் மோந்து பார்த்துக்கொள்வார். எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாலும் மத்தி வாசம் முழுதாகப் போவதில்லை. "இரவல் துப்பாக்கி. மீன் நாத்தம்னு எவனாச்சும் சொல்லிட்டா அசிங்கம்" என்பார். பிறகு காதுமூடியை மாட்டிக்கொண்டு, சந்தையில் தராசின் முன் நிற்பதுபோல் கால்களை அகட்டி நிற்பார்.

துறைமுகச் சந்தையில் மீன் விற்பவர். வயது ஐம்பதைத் தாண்டியும் ஊருக்கே அக்கா. கணவர் லம்பெர்த்தோ எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தில் பேர்போன குறிகாரர். ஒரு ஞாயிறு அவர் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த நெவியாக்கா, சுட்டு உடைப்பதற்காக எறியும் ஆரஞ்சுக் களிமண் தட்டுகள் பறப்பதை வேலியோரம் நின்று பார்த்தார்.

"தட்டு உடைக்கவா வாராவாரம் ஓடி வர்றீங்க? வீட்ல நான் கைதவறியே உடைப்பேனே!"

மறுவாரமே பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

கற்றுக்கொடுத்தவள் காத்தியா, அவர் மகள் வயதுக்காரி. ஒரு கண்ணை மூடக்கூடாது, துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கக்கூடாது, சுட்ட பிறகும் துப்பாக்கி தட்டின் பின்னாலேயே போகவேண்டும். மூன்றையும் நெவியாக்கா கடகடவென்று ஒப்பிப்பார். தட்டு கிளம்பியதும் மூன்றும் மறந்துபோகும். அது முழுசாகப் போய்ப் புல்லில் விழும். "போ, பொழச்சுப் போ!" என்று வழியனுப்புவார்.

வம்பு அவர் குரலால் வந்தது. சுடுபவரின் குரலை மைக் பிடித்ததும் இயந்திரம் தட்டை எறியும். மற்றவர்கள் "ஹோப்" என்று முனகுவார்கள். இவர் "வாடா!" என்பார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துத் திடல் இயந்திரமும் ஒரு தட்டை எறிந்துவிடும். அங்கே தோட்டா போட்டுக்கொண்டிருக்கும் லம்பெர்த்தோ அண்ணாந்து பார்த்து நிற்பார்.

மன்றத்தில் காப்பி போடுபவன் நான். ஜூலையில் என் காப்பி மேடையருகேதான் பஞ்சாயத்து நடந்தது. "கொஞ்சம் மெதுவாக் கூப்பிடக் கூடாதாம்மா?" என்றார் தலைவர் எஜிதியோ.

"நெத்திலி கூவி வித்த தொண்டை, தலைவரே. அதுக்கு மெதுவான்னா என்னன்னே தெரியாது."

"அப்போ ஆளில்லாத நாளாப் பாத்து வாங்க."

நெவியாக்கா கணவரைப் பார்த்தார். லம்பெர்த்தோ காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். அக்காவின் முகம் வாடி நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறே வந்து நின்றார். "பயிற்சி முடியட்டும். அப்புறம் வரலாமா வேணாமான்னு பாப்போம்" என்றார் பொதுவாக. காத்தியா அருகில் போய்க் கேட்டாள்: "அக்கா, மீன் அரியும்போது கத்தியையா பாப்பீங்க?"

"மீனைப் பாப்பேன்டி."

"அப்போ இங்க மட்டும் ஏன் துப்பாக்கியைப் பாக்குறீங்க? தட்டைப் பாருங்க."

"வாடா!" இரண்டு திடலிலும் தட்டு பறந்தது. இரண்டும் முழுசாக விழுந்தன. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

லம்பெர்த்தோ தன் துப்பாக்கியை மடக்கித் தாங்கியில் வைத்தார். நேராக நடந்துவந்து மனைவியின் பின்னால் நின்றுகொண்டார். "யாரு தட்டு வீணாச்சு? என் தட்டுதானே? எனக்கே கவலையில்ல, உங்களுக்கென்ன?" என்றார் கூட்டத்திடம். பிறகு மனைவியிடம், "நீ கூப்பிடு நெவியா. இன்னும் சத்தமா!"

அன்று கூப்பிட்டது துறைமுகம்வரை கேட்டிருக்கும். தட்டு ஏறியது, வெடித்தது, ஆரஞ்சுப் புகையாகக் கலைந்தது. காத்தியா குதித்தாள். எஜிதியோகூடக் கைதட்டிவிட்டார்.

நெவியாக்கா துப்பாக்கியை மடக்கிக் காத்தியாவிடம் கொடுத்தார். காதுமூடியைக் கழற்றினார். கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, கட்டை அழுத்திச் சிவந்திருந்த கன்னத்தை அவரிடம் நீட்டி, ஒரு விரலால் தட்டிக்காட்டியபடி காத்து நின்றார்.