உப்பு வைத்த மூடி

மகளின் பள்ளிப் பாடத்துக்காகக் காட்டுக் காளான்களின் இணையச் சேகரிப்பில் தேடிக்கொண்டிருந்தேன். 'ஜெஞ்சாரோம், மழைக்குப் பின், சென்ற மாதம்' என்று ஒரு படம் வந்தது. மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்த தோட்டம்.

அங்கே காளான் பறித்த இடத்தில் அம்மா ஒரு சோடா மூடியை வைத்து, அதில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவாள். "வைக்காட்டி அது நம்மளத் தேடி வீட்டுக்கே வந்திரும் லா" என்பாள். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எட்டு வயதில், உடைந்த சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் காளான் பறித்தேன். உப்பை மறந்துவிட்டேன்.

"உப்பு வெச்சியா?" என்றாள் அம்மா.

"வெச்சிட்டேன்மா" என்று பொய் சொன்னேன்.

அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. படத்தைப் பெரிதாக்கினேன். அதே தொட்டி. காளானுக்குப் பக்கத்தில் ஒரு சோடா மூடி. சுற்றிலும் மண் நனைந்து கிடந்தது. உப்பு மட்டும் நனையவே இல்லை.