கிழக்கே ஓடிய பால்

பால் பொங்கியது. பொங்கிய வேகத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் இறங்கிக் கிழக்கே ஓடியது.

“கிழக்கால ஓடுதுடா சுகு! லட்சுமி உள்ள வந்துட்டா!” என்று புனிதாவின் மாமனார் அய்யாவு கைத்தடியைத் தூக்கிக் கூவினார். வந்திருந்த சொந்தங்கள் கைதட்டினார்கள். லோரி ஓட்டிக் காய்த்துப்போன கையால் சுகுமாறன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

அவன் மனைவி புனிதா மட்டும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. யாரோ அழைத்தது போல விரைந்து, பின்சுவரை ஒட்டிய புத்தம்புதிய கேபினட்டுக்கு அடியில் போய் மறைந்தது. துடைக்கலாமென்று துணியோடு குனிந்து உள்ளே கைவிட்டாள். பால் தேங்கியிருக்கவில்லை. விரல் நுனியில் காற்று பட்டது. சில்லென்ற காற்று. மூடிய சுவருக்குள்ளிருந்து வரும் காற்று.

எழுந்து கையைத் துடைத்தாள். எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து கம்போங் மேடான் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவள் புனிதா. பண்டமாரானில் ஒரு கொள்கலன் கிடங்கின் வாசலில் வேலை. வரும் பெட்டிகளையெல்லாம் சுற்றிவந்து, எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கண்ணுக்கு ஊசித்துளை தப்பாது. அப்படிப்பட்டவள், வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. பின்னறை ஜன்னலைக் காட்டி, “மாமா இங்க படுத்துக்கலாம்” என்றுதான் சொன்னாள். சொந்த வீட்டு ஆசை கண்ணைக் கட்டிவிட்டது.

முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. மீதிப் பணம் வெள்ளிக்கிழமை கைமாற வேண்டும். அதற்கு முன் சாவி கொடுக்கும் வழக்கமில்லை. ஆனால் வீட்டுக்காரர் கமலநாதன் தானாகவே சாவியை நீட்டினார். “புதன்கிழமை நல்ல நாள் தங்கச்சி, விட்டுடாதீங்க. பால் காய்ச்சிக்குங்க. நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன?” அந்த நல்ல மனசை நினைத்து அன்று அவள் அழுதுகூட விட்டாள்.

சொந்தங்கள் போனதும் கணவனை அழைத்துத் தரையைக் காட்டினாள்.

“ஏங்க, தரை சாய்ஞ்சிருக்கு. கேபினட்டுக்குப் பின்னாடி சுவர் பிளந்திருக்கும்னு தோணுது.”

“ஆரம்பிச்சிட்டியா? இது வீடு புனிதா, உன் டெப்போ பெட்டி இல்ல.”

“விளையாடாதீங்க. மாமா படுக்கப்போற அறையும் அதே சுவர்தான்.”

“ரெண்டு மூட்ட சிமெண்ட் அடிச்சா சரியாயிடும் லா. பால் பொங்கின வீட்ட வேணாம்னு சொன்னா குடும்பத்துக்கு ஆகுமா? அப்பா காதுல விழுந்தா உயிரையே விட்டுருவாரு.”

அவன் கோபமாகத் தகப்பனை அழைத்துக்கொண்டு முன்பக்கம் போனான். புனிதா பின்கதவைத் திறந்தாள். ஒட்டிய வீட்டு ரோசலின் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவனை இழந்து தனியாக இருப்பவர். புனிதாவைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“பால் காய்ச்சிட்டீங்களாமா?”

“ஆமா அக்கா.”

ரோசலின் முன்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. “நீங்க மூணாவது குடும்பம்.”

“மூணாவதா?” என்றாள் புனிதா.

“பின்னாடி சமையலறைய இழுத்துக் கட்டினப்ப அடியில தூண் இறக்கல. கீழ முழுக்க சேறு. அந்த ஆளு பணம் முடியறதுக்கு முன்னாடியே சாவியக் குடுப்பாரு. பால் காய்ச்சினா உங்க ஆளுங்க மனசு வந்து விடமாட்டாங்க இல்ல? யாராச்சும் முழிச்சிக்கிட்டு வேணாம்னாலும் முன்பணம் அவருக்குத்தான். எப்படிப் போனாலும் அவருக்கு லாபம் மா.”

மறுநாள் மாலை கமலநாதன் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்தார். புனிதா நேராகவே கேட்டாள். “அண்ணே, இந்த கேபினட்ட கழட்டிப் பாக்கணும்.”

“எதுக்கு தங்கச்சி? வீடு இருக்கிறபடியே எடுத்துக்கிறோம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.” அவர் சிரித்தார். “பிடிக்கலன்னா விட்டுடுங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.”

அந்தச் சிரிப்பில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. விற்க வந்தவனுக்கு விலகிப் போகிறவர்கள்மேல் இத்தனை கனிவா? அதுவரை ரோசலின் சொன்னதை நம்பாமல் மனைவியை முறைத்துக்கொண்டிருந்த சுகுமாறன் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு லோரிக்குப் போய் இரும்புக் கம்பியோடு வந்தான்.

“பாஸ், என்ன இது? இன்னும் என் வீடு பாஸ்!”

“பால் பொங்கிருச்சு இல்ல அண்ணே? நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன?” என்றபடி சுகுமாறன் கம்பியைச் செருகினான்.

கேபினட் பிடுங்கிக்கொண்டு வந்தது. தரையிலிருந்து தோள் உயரம்வரை சுவர் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவின் வழியே பின்சந்தின் வெளிச்சம் தெரிந்தது. எங்கோ உள்ளே மணல் உதிர்ந்தது. புனிதா கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள்.

கமலநாதனின் முகம் முதல்முறையாக மாறியது. நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். “முன்பணத்த முழுசா திருப்பிக் குடுத்துர்றேன் தங்கச்சி. அந்தப் படத்த அழிச்சிடுங்க. இந்தப் பேச்சு வெளிய போகக்கூடாது.”

சுகுமாறன் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எத்தனை கெஞ்சல்! இருவரும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைக்கு வந்துவிடும். பிறகு இங்கே இன்னொரு கேபினட் ஏறும். இன்னொரு பெண் ஜன்னலைக் காட்டி, இங்கே யார் படுப்பது என்று சொல்வாள்.

“லாயர்கிட்ட பேசிக்குங்க அண்ணே” என்றாள் புனிதா. படத்தை அப்போதே அனுப்பினாள். வழக்கறிஞருக்கு ஒன்று, ரோசலின் அக்காவுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை பணம் போகவில்லை. முன்பணமும் வரவில்லை, அது வழக்கில் கிடக்கிறது. சுகுமாறன் வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. “எப்பம்மா புது வீட்டுக்குப் போறோம்?” என்று அய்யாவு தினமும் கேட்கிறார். “மழ முடியட்டும் மாமா” என்கிறாள் புனிதா. அழுகையைக் குளியலறைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பக்கம் யார் வீடு பார்க்க வந்தாலும் ரோசலின் அக்கா வாசலுக்கு வந்து படத்தைக் காட்டிவிடுகிறார். கமலநாதனின் கார் ஒருமுறை ரோசலின் வீட்டெதிரே வெகுநேரம் நின்றதாம். யாரும் இறங்கவில்லையாம்.

மழை விடாமல் பெய்த ஒரு மதியம், கிடங்கு வாசலில் நின்ற புனிதாவுக்கு ரோசலினிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே பிளவு. பழைய படம் என்றுதான் நினைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிளவுக்குப் பக்கத்தில் சிலுவை தொங்கியது. கீழே மாதா சொரூபத்தின் முன் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இது அடுத்த வீட்டுச் சுவர். ரோசலின் அக்காவின் சமையலறை.

பின்னால் லோரிகள் ஹார்ன் அடிக்க, ரோசலினை அழைத்தாள்.

“அக்கா, உடனே வெளிய வந்துடுங்க! உங்களுக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்கிட்டு வெளிய வாங்கக்கா!”

மறுமுனையில் மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது.

“எங்க மா வர்றது?” என்றார் ரோசலின். “இது என் சொந்த வீடு.”