அசையாமல் அரை மணி நேரம்

தங்கை போன் செய்தபோது நான் மாமல்லபுரத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் இருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆகிவிட்டது. எட்டாவதில் பள்ளியை விட்டேன். யாரும் துரத்தவில்லை. வாசலில் ஒரு லாரி நின்றது, ஏறிக்கொண்டேன்.

தங்கை மகளுக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள், ஆரம்பித்த கணக்கை முடிக்கமாட்டாள். ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று செங்கல்பட்டில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நம்பவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு பேரு வெச்சிடுவானுங்க. அவ மாமன் மாதிரியே வந்துகினு கீறா, அவ்ளோதான்" என்றாராம். கண்டிப்பான ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப் படிவம் வாங்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை கடைசி நாள்.

இந்தக் கோளாறு குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று பார்க்க, மூளையைப் படம் எடுக்கும் ஆராய்ச்சி ஒன்று ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. தங்கை அதில் பெயர் கொடுத்திருந்தாள். படத்தைக் காட்டினால் புருஷன் நம்புவார் என்பது அவள் எண்ணம். அவள் காலில் எலும்பு முறிந்து உலோகத் தகடு வைத்திருந்தது; காந்த மிஷினுக்கு ஆகாது என்று அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் பக்கத்துக்கு நான், அப்பா பக்கத்துக்கு மாப்பிள்ளை.

சனிக்கிழமை காலை நால்வரும் போனோம். தங்கை மகளுக்குப் போன வாரமே படம் எடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சி செய்யும் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார்: "இந்தப் படத்தப் பாத்து ஒருத்தருக்கு இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாதுங்க. நிறைய குடும்பங்களோட படத்த ஒண்ணா வெச்சுதான் பாக்கறோம். கையில எதுவும் குடுக்கமாட்டோம்."

தங்கை பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "போ மச்சான். உன் மண்டைய பாத்தா மிஷினே ஓடிப் போய்டும்."

அரைஞாண் கயிற்றில் இருந்த செம்புத் தாயத்தைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். அரை மணி நேரம் தலை அசையக் கூடாது. கண்ணுக்கு மேலே அம்புக்குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், வட்டம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். மிஷின் தடதடவென்று அடித்தது. லாரி கேபினில் படுத்துத் தூங்கியவனுக்கு அது பழகிய சத்தம். நான் அசையவில்லை. ஆனால் வட்டம் வந்தபோதெல்லாம் விரல் முந்திக்கொண்டது. தப்பு என்று தெரிவதற்குள் அழுத்தியிருப்பேன்.

அடுத்து மாப்பிள்ளை. நாவலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், பதினாறு வருடமாக ஒரே வேலை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா மாப்ள?" என்றேன்.

"அசையாதன்னு சொன்னாங்கல்ல, அப்பத்துலேர்ந்து அசையணும் அசையணும்னே கீது மச்சான். கால் தன்னால ஆடுது."

"அசைஞ்சா உங்களுக்கும் அது இருக்குன்னு அர்த்தமில்லைங்க. நிறைய பேருக்கு இப்படி ஆகும்" என்றார் அந்தப் பெண். மாப்பிள்ளை தலையாட்டினார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார், "கோடவுன்ல எனக்கு நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. ஒரு நாளும் உக்காந்ததில்ல. நடந்துகினேதான் எண்ணுவேன்."

மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எத்தினி தடவப்பா வெளிய வந்த?"

"ரெண்டு."

"நான் மூணு. மூக்கு அரிச்சா அரிக்கட்டும்னு உட்டுடணும்ப்பா. அதையே நெனச்சின்னா காலி. சத்தத்த எண்ணிகினே இரு. நூறு வந்தா மறுபடி ஒண்ணு."

"நீ எண்ணினியா?"

"கிளாஸ்லகூட ஃபேன் சத்தத்த எண்ணுவேன். அப்பதான் எந்திரிக்காம இருக்க முடியும்."

"தினமுமா?"

"ஆமா."

 மாப்பிள்ளை மூன்றாவது முறை உள்ளே போனார். முழுதாக முடிக்கவில்லை. பாதிக்கு மேல் வந்தது, போதும் என்று விட்டுவிட்டார்கள். திரும்பும்போது, "எவ்ளோப்பா எண்ணின?" என்று அவள் கேட்டாள். "நூறு, பதினோரு தடவ" என்றார். 

திங்கட்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு பஸ் ஏறி படூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். விடுதிப் பள்ளிப் படிவம் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஒரு எழுத்தும் எழுதாமல். மாப்பிள்ளை ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே கணக்குச் சொன்னார். மகள் பின்னாலேயே நடந்து விடை சொன்னாள். மூன்றுக்கு ஒன்று தப்பு.

"ஏன், ரெண்டு பேரும் உக்காந்து படிச்சா இன்னா?" என்று தங்கை சமையலறையிலிருந்து கத்தினாள்.

"உக்காந்தா வராதும்மா" என்று மகள் சொன்னாள். மாப்பிள்ளை அடுத்த கணக்கைச் சொன்னார். நான் வழிவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டேன்.