பட்டியலில் என் பெயர்

பாலேந்திரன் பொல்லாத பிடிவாதக்காரர். ஒரு விசிறி சொன்ன நேரத்துக்கு நிற்கவில்லை என்பதற்காக மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிடாத மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊர் யாழ்ப்பாணம். மனைவி கமலாசனியோடு கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தார். கண்டி டவுனில் இலத்திரனியல் சாமான் கடை வைத்திருப்பவன் நான், ஹபீல். சில்லும் பற்றவைக்கிற ஈயமும் வாங்க வருவார். என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். வந்தால் என் கடைக் கம்பியூட்டரை விட்டு எழும்ப மாட்டார். ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து வாட்டும் விசிறிகளை நேரம் பார்த்து நிறுத்தும் கருவி செய்துகொண்டிருந்தார். நகத்தளவு சில்லு ஒன்றுதான் அதற்கு மூளை. நாம் எழுதும் கட்டளைகளை அந்தச் சில்லுக்குப் புரியும்படி மாற்ற ஒரு கொம்பைலர் வேண்டும். அவர் பாவித்தது இலவசமானது. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதியது. யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்தம் சரியென்றால் திருத்தியவர் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்கள். கூலி அவ்வளவுதான்.

விசிறிகள் நேரத்துக்கு முன்பே நின்று கொழுந்து பாழானது. தன் எழுத்தில்தான் பிழை என்று தேடித் தேடி மெலிந்தார் மனிதர். கடைசியில் பார்த்தால் பிழை கொம்பைலரில். பதினொரு வரியில் அதைத் திருத்தி, என் கடை மின்னஞ்சலில் இருந்து அனுப்பினார். இரண்டே நாளில் பதில் வந்தது. திருத்தம் அருமை, எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டிருந்தார்கள்.

அது இரண்டாயிரத்து ஏழு. தமிழர்கள் பொலிசில் பதிந்துவிட்டுக் குடியிருந்த யுத்த காலம். நான்தான் தேவையில்லாமல் வாயைத் திறந்தேன்.

"ஒங்கட பேரு வேணாம். தமிழ்ப் பேரு, டைமர் வேலை. எவனாவது பாத்தா குண்டுக்குன்னு நெனப்பான், வீண் வம்பு. என்ட பேரப் போடுங்க. சண்டை முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

"ஓம் நானா, அதுவும் சரிதான்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. அடுத்த பதிப்பில் என் பெயர் வந்தது. வெட்கமில்லாமல் அதை அச்செடுத்து என் மகள்களுக்குக் காட்டினேன்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் ஒரு காலை பொலிசும் ஆமியும் அம்பிட்டியவைச் சுற்றிவளைத்தார்கள். பாலேந்திரன் வீட்டு மேசையில் ஆறு கருவிகள், ஆறிலும் இறங்கிக்கொண்டே போகும் சிவப்பு எண்கள். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? புலி என்று ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். தொழிற்சாலைத் துரையைக் கேட்டபோது ஆளையே தெரியாது என்று கைவிரித்துவிட்டார். அந்தத் துரையை நான் கண்டபடி ஏசினேன். இரண்டு நாள்தான் அந்த யோக்கியம்.

மூன்றாம் நாள் ஒரு பொலிஸ் அதிகாரி கடைக்கு வந்து ஒரு தாளை விரித்தார். அதே பட்டியல். "தேயிலை விசிறிக்காக இந்தத் திருத்தத்தைத் தான் செய்ததாக அவன் சொல்கிறான். இதில் உன் பெயர் இருக்கிறது. யார் செய்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உண்மையைச் சொன்னால், புலி என்று பிடிபட்டவனுக்குப் பெயர் கொடுத்து ஒளித்தவன் ஆகிவிடுவேன் நான்.

"நான்தான் செய்தேன்" என்றேன். "அவர் சாமான் வாங்க வருவார், அவ்வளவுதான்."

அதிகாரி நான் சொன்னதை அந்தத் தாளிலேயே எழுதி மடித்துக்கொண்டு போய்விட்டார். பாலேந்திரன் பொய்யனும் ஆனார்.

மறுநாள் கமலாசனி வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. "நானா, நீங்கள் ஒருக்கா வந்து உள்ளதைச் சொன்னால் அவரை விடுவினம்."

"எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க, தங்கச்சி" என்றேன். அவர் படியிறங்கினார். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

பத்தொன்பது மாதம் உள்ளே வைத்திருந்து, வழக்கே போடாமல் விட்டார்கள். அதற்குள் சண்டையும் முடிந்திருந்தது. போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. ஆனால் கொம்பைலர்காரர்கள் விடவில்லை. அதே இடத்தில் புதுப் பிழை ஒன்று, இந்தப் பகுதியை அறிந்தவர் நீங்கள்தான், பார்த்து உதவ முடியுமா என்று எனக்கு எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. அச்செடுத்துக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனேன்.

கதவைத் திறந்த கமலாசனி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். பாலேந்திரன் தாளை வாங்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பென்சிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இடுக்கி, தாளின் பின்பக்கம் நான்கு வரி எழுதினார்.

"இந்த முறை ஒங்கட பேரத்தான் போடணும்" என்றேன். "நடந்ததெல்லாம் நானே அவங்களுக்கு எழுதுறேன்."

"வேண்டாம் நானா. இது என்ர வேலை எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்ல. நீங்கள் ஒருக்காச் சொன்னது எழுத்தில கிடக்கு. உங்கட பேரிலயே அனுப்புங்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விலை சொல்வது போலச் சொன்னார்.

கடைக்கு வந்து உண்மையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை, அழித்தேன். நான்கு வரியை மட்டும் அனுப்பினேன். மறுநாள் நன்றி வந்தது. அன்புள்ள ஹபீல் என்று தொடங்கியிருந்தார்கள்.