எண் இல்லாத வாட்ச்

நேற்று சித்தூரில் ஒரு வாட்ச் வாங்கினேன். கறுப்பு டயல், இரண்டு முட்கள். எண்ணோ கோடோ எதுவும் கிடையாது. அவ்வளவு ஸ்டைல்!

"நம்பி வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் தப்பாது சார். ரெண்டு வருஷம் கேரண்டி" என்றார் கடைக்காரர்.

இன்று திருமலையில் தரிசன வரிசை. எல்லோரும் போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். நாங்கள் காத்திருந்த கூடத்தில் வாட்ச் கட்டியிருந்தது நான் ஒருவன்தான்.

பக்கத்தில் குடிபாலா ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, "மணி இன்னா தம்பி? ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்" என்றார்.

டயலை உற்றுப் பார்த்து, "நாலே கால் இருக்கும்க்கா" என்றேன்.

வரிசை கொஞ்சம் நகர்ந்ததும் மறுபடி கேட்டார்.

"நாலு பத்து."

"இன்னா தம்பி, உன் வாட்ச்சுல டைம் பின்னால போய்க்கினு கீது?"

கூடமே சிரித்தது. "வாட்ச் பாகுந்தி, டைமே லேது" என்று தெலுங்கில் ஒரு குரல் வேறு: வாட்ச் நன்றாக இருக்கிறதாம், டைம்தான் இல்லையாம்.

வெளியே வந்ததும் அக்கா பஸ்ஸுக்கு ஓடினார். நான் போனை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். முட்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. கேரண்டி வாட்ச்சுக்கு மட்டும்தான் போலிருக்கிறது, பார்க்கிறவனுக்கு இல்லை.

இதே மாதிரி வாட்ச் கட்டியிருப்பவர்கள், போனைப் பார்க்காமல் கமெண்டில் சொல்லுங்கள்: இப்போது மணி என்ன?