பேர் வெட்டிய சேவல் தட்டு

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தை அடுத்த ஒரு பீங்கான் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பங்கள் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்கள் அங்கே ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தன. என் சம்பளத்தில், பஸ் பிடித்துப் போய், ஒவ்வொன்றாக நான்கு தட்டுகள் வாங்கினேன்: சேவல், பூக்கூடை, கப்பல், பேரிக்காய். அடியில் சிவந்த களிமண். மேலே வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு. அதைச் சுடுமுன் கையால் தீட்டிய படம். தூரிகை தப்பினால் அழிக்க வழியில்லை. சேவலின் வாலில் ஒரு கோடு தப்பியிருந்தது. அதற்காகவே அதை முதலில் எடுத்தேன்.

கல்யாணப் பேச்சில் நான் கேட்டது ஒன்றுதான். தட்டுகள் என்னோடு வரும், சுவரில் மாட்டுவேன், யாரும் அவற்றில் சாப்பிடக் கூடாது.

"தாராளமா," என்றார் மாப்பிள்ளை.

கல்யாணமாகி இரண்டாம் மாதம். வேலைவிட்டு வந்தபோது தெருமுனையிலேயே உளிச் சத்தம் கேட்டது. பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் என் அம்மா கொடுத்த எவர்சில்வர் தூக்குகள். மடியில் என் கப்பல் தட்டு.

"இன்னாம்மா இது, தட்டத் தட்ட உதிர்ந்துகினே கீது! வோணாம்னுதான் சொன்னேன், பெரியம்மா கேக்கல."

மாமியார் உள்ளிருந்து வந்தார். "கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டுக்குப் பலகாரம் குடுத்தனுப்புறோம். பேரு இல்லாத தட்டு திரும்பி வருமா? உன்னுது பத்திரமா இருக்கட்டும்னு மொதல்ல அதையே குடுத்தேன்."

"யார் பேரு, அத்தை?"

"இது என்ன கேள்வி? என் புள்ள பேருதான்."

பேரிக்காய் இரண்டாகியிருந்தது. கப்பலில் விளிம்பிலிருந்து பாய்மரம்வரை விரிசல். பூக்கூடையில் பாதிப் பூச்சு இல்லை. சேவல் மட்டும் முழுசாக இருந்தது. அதன் காலடியில், பூச்சு தெறித்துத் தெரிந்த சிவப்பு மண்புள்ளிகளால் என் கணவரின் பெயர்.

இரவு சாப்பிடும்போது அவர் சொன்னார்: "அம்மா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. யார் பேரு இருந்தா என்ன, நம்மளுதுதானே?"

"அப்ப உங்க பேனாவுல என் பேர வெட்டட்டுமா?"

சிரித்துவிட்டார். "ஏய், ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, நான் கோயிலிலிருந்து திரும்புவதற்குள், சேவல் தட்டில் முறுக்கும் அதிரசமும் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தன. மாலையில் அந்த வீட்டு அக்கா தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பிரான்ஸ் தட்டெல்லாம் சேக்குறாராமே! அத்தை சொன்னாங்க. ஆம்பளைங்களுக்கு இப்படி ஒரு ரசனை இருக்கறது அபூர்வம்மா."

"ஆமாக்கா," என்றேன்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பூச்சு போன இடத்தில் களிமண் எண்ணெயைக் குடித்திருந்தது. அவர் பெயர் முன்பைவிடக் கறுத்து, நன்றாகத் தெரிந்தது.